மருந்து அலமாரியின் சாவி யாரிடம்?

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்துக் குடும்பங்கள் வழக்கம்போல் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து ஒன்றாகச் சாப்பிட்டோம். புதிதாக வந்திருந்த ஓர் இளம் தாய், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் நின்று, “இதில் வேர்க்கடலை இருக்கிறதா? தாளித்தது எந்த எண்ணெய்?” என்று கேட்டுக்கொண்டே போனார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற நண்பர் என் காதோடு, “ஒரு கடலைக்கு இத்தனை அமர்க்களமா ஸார்? நாமெல்லாம் கடலை தின்றே வளர்ந்தவர்கள்தானே!” என்றார்.

2023-க்கு முன்னால் என்றால் நானும் அவரோடு சேர்ந்து சிரித்திருப்பேன். அன்று வரிசையில் நின்றுகொண்டு சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். நம் சங்கத்தில் பள்ளிக்குப் போகும் குழந்தைகள் உள்ள வீடுகள் பல. படித்துவிட்டு ஒரே ஒரு வீட்டிலாவது நாளைக்குப் பள்ளி ஆபீஸுக்குப் போய் ஒரு கேள்வி கேட்டால் போதும்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மகள் குடும்பமும் நாங்களும் வானவடியில் ஒரே வீட்டில் இருக்கிறோம். பேரனுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, லோணாவளாவிலிருந்து யாரோ வாங்கிவந்த சிக்கியில் ஒரு துணுக்கைக் கடித்தான். சில நிமிஷங்களில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பிவிட்டது. டாக்டர் சோதனைகள் செய்து, வேர்க்கடலை இவனுக்கு ஆகாது, அதுவும் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய வகை என்று சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் வேர்க்கடலை இல்லை. பள்ளியில் சேர்க்கும்போது படிவத்தில் எழுதிக் கொடுத்தோம். 2023 ஜூனில் பள்ளி திறந்ததும், டாக்டர் சீட்டின்படி ஓர் அட்ரினலின் ஆம்பூலும் சிரிஞ்சும் வாங்கி, பாலிதீன் பையில் போட்டு ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தோம். நம் கடமை முடிந்தது என்று நினைத்தோம்.

அந்த மாதக் கடைசியில் ஆஷாடி ஏகாதசி. முந்தின நாள், சின்ன வகுப்புக் குழந்தைகளுக்கு வார்க்கரி வேஷம் போட்டு, கையில் ஜால்ரா கொடுத்து, பள்ளிக்குள்ளேயே திண்டி ஊர்வலம் நடத்தினார்கள். அது முடிந்து டப்பா திறக்கும் நேரம். பக்கத்துப் பையன் தன் வீட்டு ஜவ்வரிசி வடையை நீட்டினான். வேர்க்கடலையைக் கண்ணால் பார்த்தால் பேரனுக்குத் தெரியும். வடையில் அது பொடியாகக் கலந்திருந்தது. பாதி வடை தின்றான்.

பத்து நிமிஷத்தில் நாக்கு அரிக்கிறது என்றான். தண்ணீர் கொடுத்தார்கள். வாந்தி எடுத்தான். ஊர்வலத்தில் ஆடிய களைப்பு என்று டீச்சர் நினைத்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மாடியிலிருந்து கையைப் பிடித்து நடத்திக் கீழே கூட்டிவந்தார்கள். மகளுக்கு போன் போயிற்று. “உடனே அந்த ஊசியைப் போடுங்கள்” என்று அவள் கத்தியிருக்கிறாள். ஊசி இரும்பு அலமாரியில் இருந்தது. அலமாரி பூட்டியிருந்தது. சாவி கிளார்க்கிடம். கிளார்க் பாங்குக்குப் போயிருந்தார். அதற்குள் பையனுக்குக் குரல் கம்மி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. கடைசியில் பி.டி. ஸார் அவனை அப்படியே தூக்கித் தன் காரில் போட்டுக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே தொடையில் அட்ரினலின் போட்டபோது, வடை தின்று அரை மணிக்கு மேல் ஆகியிருந்தது. பத்து நிமிஷத்தில் முகத்தில் ரத்தம் திரும்பியது. பிழைத்தான்.

அன்று மாலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னைப் பார்த்ததும் அவன் சொன்னது: “வேண்டாம்னு சொன்னா அவன் வருத்தப்படுவான் தாத்தா.”

ஒரே நாளில் நாலு ஓட்டை

ரயில்வேயில் ஸிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன் நான். பழைய கைகாட்டி மரத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதை இழுக்கும் கம்பி அறுந்துபோனால், எதிர்ப் பளு கையைத் தானாகவே ‘நில்’ என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிடும். ஏற்பாட்டில் எது கெட்டாலும் ரயில் நிற்க வேண்டுமே தவிர, ஓடக் கூடாது. இதுதான் எங்கள் தொழிலின் அரிச்சுவடி. அன்றிரவு தூக்கம் வராமல், பேரன் விஷயத்தில் எந்தக் கம்பி எங்கே அறுந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பூட்டு ஒன்றுதான் குற்றவாளி என்று முதலில் நினைத்தேன். மறுநாள் மகளோடு உட்கார்ந்து பார்த்ததில், பாதிக் குற்றம் எங்களுடையது என்று தெரிந்தது.

பாலிதீன் பையில் ஆம்பூலோடு ஒரு துண்டுக் காகிதம்கூட வைக்கவில்லை. எவ்வளவு போட வேண்டும், எங்கே போட வேண்டும், எந்த அறிகுறி கண்டால் போட வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? அலமாரி திறந்தே இருந்திருந்தாலும் அன்று யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

படிவத்தில் மகள் இங்கிலீஷில் ‘நட்ஸ்’ ஆகாது என்று எழுதியிருந்தாள். டீச்சர் அதைப் பாதாம், முந்திரி என்று எடுத்துக்கொண்டார். அவர் அறிந்த வரையில் வேர்க்கடலை அந்த ஜாதியே அல்ல, தோட்டத்தில் மண்ணுக்குள் விளைவது. தாவரவியல்படி அவர் நினைத்ததும் சரிதான், அது பருப்பு வகைச் செடி. நம் பாஷையும் இதில் உதவாது. கடலை என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வேர்க்கடலை, கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை, கடலைப்பருப்பு, கடலைமாவு எல்லாவற்றையும் ஓட்டிவிடுகிறோம். பாட்டி ஒன்றைச் சொல்ல, பேரன் வேறொன்றைப் புரிந்துகொள்வான். இங்கே புணேயில் பள்ளியிடமும் ஆட்டோக்காரரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் மராத்தியில் ‘ஷேங்தாணா’ என்றும், ஹிந்தியில் ‘மூங்ஃபலி’ என்றும் பெயர் சொல்லி, கையில் ஒரு கடலையை வைத்துக் காட்டினால்தான் விஷயம் முடியும்.

இன்னொன்று, மராட்டிச் சமையலை நாங்கள் சரியாகத் தெரிந்துகொள்ளவே இல்லை. முப்பது வருஷம் இந்த ஊரில் இருந்தும், வறுத்த வேர்க்கடலையைக் கரகரவென்று பொடித்த ‘கூட்’ எத்தனை பண்டத்தில் விழுகிறது என்று எனக்குத் தெரியாது. ஜவ்வரிசிக் கிச்சடி, ஜவ்வரிசி வடை, வெள்ளரிக்காய்க் கோசம்பீர், அடைத்த கத்தரிக்காய், சில வீட்டுத் தேச்சா, எல்லாவற்றிலும் அதுதான். அதிலும் உபவாச நாட்களில் தானியம் விலக்கு என்பதால் கடலை இரட்டிப்பாகிறது. நமக்கு ஏகாதசி என்றால் பட்டினி நினைவுக்கு வரும். இந்த ஊரில் வேர்க்கடலை ஆகாத குழந்தைக்கு அதுதான் அபாயகரமான நாள். ஸங்கராந்திக்கு வகுப்பில் எல்லோரும் கைமாற்றிக்கொள்ளும் தில்குளில் எள்ளோடு பல வீடுகளில் கடலையும் சேரும். எள்ளே ஆகாத குழந்தைகளும் உண்டு. நம் வீட்டு எள்ளுருண்டையும் மிளகாய்ப்பொடிக்கு ஊற்றும் நல்லெண்ணெயும் அவர்களுக்கு ஆபத்து. புளியோதரை, எலுமிச்சம்பழச் சாதம், சுண்டல் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெயிலும் ஒரு பேதம் இருக்கிறது. நன்றாகச் சுத்திகரித்த கடலெண்ணெயில் புரதம் அநேகமாக நீங்கிவிடுகிறது. செக்கில் ஆட்டியதில் அது தங்கிவிடும். இப்போது உடம்புக்கு நல்லதென்று செக்கெண்ணெய் தேடி வாங்குகிறோமே, அது எல்லோருக்கும் நல்லதல்ல.

நாலாவது ஓட்டை, பையனை நடக்கவைத்தது. இதை டாக்டர் சொன்னபோது எனக்கு வியர்த்துவிட்டது. ஏன் என்று அறிய, உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

உடம்பு செய்யும் தப்புக் கணக்கு

1901-ல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் சென்ற ஷார்ல் ரிஷே, போல் போர்ட்டியே என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் கடல் உயிரிகளின் விஷத்தை ஆராய ஆரம்பித்தார்கள். நாய்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தைச் செலுத்தினால் அம்மைக் குத்தல்போல் எதிர்ப்புச் சக்தி வரும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு. முதல் தடவை தாங்கிய நாய், சில வாரம் கழித்து மிகச் சிறிய அளவு செலுத்தியதும் சில நிமிஷங்களில் சுருண்டு இறந்தது. காப்புக்கு எதிரானது என்ற பொருளில் 1902-ல் இதற்கு ‘அனாஃபிலாக்ஸிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ரிஷேக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் குழந்தைகளுக்கு நடப்பதும் அதுவேதான். உடம்பின் காவல் படை கடலைப் புரதத்தை எதிரி என்று தப்பாகப் பதிவு செய்துகொள்கிறது. மறுபடி அது உள்ளே வரும்போது, திசுக்களில் உள்ள ஒருவகை உயிரணுக்கள் ஹிஸ்டமின் முதலான ரசாயனங்களை ஒரே நேரத்தில் கொட்டிவிடுகின்றன. அதனால் தோல் தடிக்கிறது, தொண்டை வீங்குகிறது, மூச்சுக் குழல் சுருங்குகிறது, ரத்தக் குழாய்கள் தளர்ந்து ரத்த அழுத்தம் விழுகிறது. இந்த நிலையில் குழந்தையை நிற்கவைத்தால், இருக்கிற ரத்தமும் காலுக்கு இறங்கி, இதயத்துக்குத் திரும்ப ரத்தம் இல்லாமல் போகும். படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்திவைக்க வேண்டும். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம். நடப்பது மட்டும் கூடாது. கழிப்பறைக்குக்கூடக் கூடாது.

நேரம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் பம்ஃப்ரி என்ற டாக்டர், இதனால் இறந்தவர்களின் விவரங்களைச் சேகரித்து 2000-ல் வெளியிட்டார். உணவால் வந்ததில் மூச்சோ இதயமோ நிற்பதற்கு ஆன நேரம் நடுக்கணக்காக 30 நிமிஷம், பூச்சிக் கடியில் 15 நிமிஷம். வானவடியில் இருக்கும் நமக்குப் பக்கத்திலேயே ஆஸ்பத்திரிகள் உண்டு. ராணுவ மருத்துவக் கல்லூரியும் கமாண்ட் ஆஸ்பத்திரியும் இங்கேதான் இருக்கின்றன, அவை ராணுவக் குடும்பங்களுக்கு. ஆனால் மத்தியானம் பள்ளி விடும் நேரத்தில் ஃபாத்திமா நகர் சந்திப்பைக் கடக்க எத்தனை நிமிஷம் ஆகும் என்று நீங்களே அறிவீர்கள். மருந்து குழந்தையிடம் வர வேண்டும். குழந்தையை மருந்திடம் கொண்டுபோகும் ஏற்பாடு இதற்கு உதவாது.

அந்த மருந்து அட்ரினலின் ஒன்றுதான். தளர்ந்த ரத்தக் குழாய்களை இறுக்குகிறது, மூச்சுக் குழலை விரிக்கிறது, ரசாயனம் மேலும் கொட்டாமல் தடுக்கிறது. நாம் எல்லோரும் கைப்பையில் வைத்திருக்கும் அவில், செட்டிரிஸின் மாத்திரைகள் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், அவ்வளவுதான். விழுகிற ரத்த அழுத்தத்தை அவை தூக்கி நிறுத்தா. மாத்திரை கொடுத்துவிட்டு, கேட்கிறதா பார்ப்போம் என்று காத்திருப்பதுதான் உயிரை வாங்குகிறது. சிவப்புச் சட்டை கழன்று தடிப்பு மறைந்ததும் ஆபத்து நீங்கியது என்று எண்ணுவதும் அப்படியே. சில குழந்தைகளுக்குத் தடிப்பே வராமல் வாந்தியும் மயக்கமும் மட்டும் வருவதுண்டு. ஊசி போட்டுச் சரியானபின் சில மணி நேரம் கழித்து மறுபடி வருவதும் உண்டு. ஆகையால் எப்படியும் 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சில மணி நேரம் இருந்துதான் ஆக வேண்டும்.

மேல்நாட்டில் பேனா, நம்மிடம் ஆம்பூல்

அமெரிக்காவில் 1987 முதல் எபிபென் என்ற கருவி கிடைக்கிறது. தடிமனான பேனா மாதிரி இருக்கும். அளந்த மருந்து உள்ளேயே இருக்கும். தொடையில், சட்டைக்கு மேலேயே வைத்து அழுத்தினால் தானே குத்தி மருந்தைச் செலுத்திவிடும். ராணுவத்தில் விஷவாயுவுக்கு மாற்று மருந்து போட்டுக்கொள்ளச் செய்த கருவியிலிருந்து பிறந்தது இது. 2024-ல் அங்கே மூக்கில் பீச்சும் அட்ரினலினுக்கும் அனுமதி தந்திருக்கிறார்கள். நம் ஊரில் இந்தப் பேனா தெரு முனை மருந்துக் கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் பொருளாக இருந்ததில்லை. வெளிநாட்டிலிருந்து டாக்டர் சீட்டோடு வரவழைத்து வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. இப்போது கிடைக்கும் வழியை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

நம்மிடம் இருப்பது ஒரு மில்லி கண்ணாடி ஆம்பூல். ஒரு மசால்தோசை விலைகூட ஆகாது. மருந்து அதே மருந்துதான். கஷ்டம், அதை உடைத்து, சிரிஞ்சில் இழுத்து, அளவு பார்த்துப் போடுவதில் இருக்கிறது. கனடாவில் 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், குழந்தைகளின் பெற்றோரை ஆம்பூலிலிருந்து மருந்தை இழுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். சராசரி 142 விநாடி ஆயிற்று. இழுத்த அளவில் குறைந்ததற்கும் கூடியதற்கும் 40 மடங்கு வித்தியாசம் இருந்ததாம். அவர்கள் பதற்றமில்லாமல் உட்கார்ந்து செய்தபோதே இந்த நிலை.

பள்ளியில் நடந்த இரண்டு மரணங்கள் என்னை மிகவும் பாதித்தன. 2003-ல் கனடாவின் ஒன்டாரியோவில், பால் ஆகாத 13 வயதுப் பெண் பள்ளி கான்டீனில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கித் தின்றாள். அதே இடுக்கியால் சீஸ் போட்ட பண்டத்தையும் எடுத்திருந்தார்கள். அவள் பெயராலேயே ‘ஸப்ரீனா சட்டம்’ 2005-ல் நிறைவேறி, 2006 ஜனவரி 1 முதல் அங்கே அமலில் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளிக்கும் எழுதிவைத்த திட்டம், ஒவ்வொரு ஒவ்வாமைக் குழந்தைக்கும் தனித் தாள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி எல்லாம் கட்டாயம். டொரொன்டோவில் பேரன் பேத்திகள் உள்ள நம் அன்பர்களுக்கு இது பழக்கமாக இருக்கும்.

மற்றது லண்டனில் நடந்தது. 2017 ஜூன் மாதம், நம் நாட்டு வம்சாவளிப் பையன், அவனுக்கும் 13 வயது, பால் ஆகாது. சக மாணவன் விளையாட்டாக எறிந்த சீஸ் துண்டு அவன் கழுத்தில் பட்டது. சில நாட்களில் இறந்துபோனான். பள்ளி அவனுக்காக வைத்திருந்த பேனா காலாவதியாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தது என்பது 2019-ல் நடந்த விசாரணையில் வெளிவந்தது. அவன் இறந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 2017 அக்டோபர் 1 முதல், அந்நாட்டுப் பள்ளிகள் டாக்டர் சீட்டு இல்லாமலேயே உபரிப் பேனா வாங்கிவைக்கலாம் என்ற விதி வந்தது.

காலாவதி என்றதும் எனக்குக் கார்டு நினைவுக்கு வந்தார் (2022 முதல் அவருக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர்). ரயில் நடுவழியில் நின்றுபோனால், பின்னால் வரும் வண்டியை எச்சரிக்கத் தண்டவாளத்தில் வைக்கும் வெடி அவரிடம் இருக்கும். டெட்டனேட்டர் என்போம். ஒவ்வொரு வெடியின் மேலும் அது செய்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். பழையதை முதலில் செலவழிக்க வேண்டும், குறித்த காலத்தில் எடுத்துச் சோதிக்க வேண்டும். உத்தியோக காலம் முழுவதிலும் ஒரு தடவைகூட அதை வைக்க நேராத கார்டுகள் உண்டு. ஆனாலும் அது இல்லாமல் வண்டி கிளம்பாது.

நம் நாட்டில் பள்ளிகள் அட்ரினலின் வைத்திருக்க வேண்டும் என்று தனிச் சட்டம் இல்லை. பாக்கெட் உணவுக்கு மட்டும் விதி இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் கொண்டுவந்த லேபிள் விதிகளின்படி கோதுமை போன்ற குளூட்டன் தானியங்கள், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலையும் மற்றக் கொட்டைப் பருப்புகளும், சோயா, ஸல்ஃபைட் ஆகியவை இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும். எள் இந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்கா 2023 ஜனவரி முதல் எள்ளையும் சேர்த்துவிட்டது. கொண்டைக்கடலையும் பட்டியலில் இல்லை. அதனால் அனாஃபிலாக்ஸிஸ் வந்ததை மும்பை டாக்டர்கள் 1997-லேயே எழுதியிருக்கிறார்கள். பஜ்ஜியும் டோக்ளாவும் மைசூர்பாகும் உள்ள நாட்டில் இது பெரிய விடுபாடு என்றே எனக்குப் படுகிறது. கட்டிப் பெருங்காயத்திலும் கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு சேர்க்கிறார்கள் என்பதையும், கோதுமை ஆகாத வீட்டார் நினைவில் வைக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்துபோய் எல்லாக் குழந்தைகளுக்கும் ரத்தச் சோதனை செய்யக் கிளம்ப வேண்டாம். மைசூர், பெங்களூர்ப் பக்கம் நடந்த பன்னாட்டு ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு ஏதாவது ஓர் உணவுக்கு ரத்தச் சோதனை ‘ஆம்’ என்று காட்டியது. உண்மையில் அநேகமாக ஒவ்வாமை உள்ளவர்கள் என்று கொள்ளத்தக்கவர்கள் நூற்றுக்கு ஒருவரே. குழந்தைகளில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பேர். சோதனைத் தாளைப் பார்த்துப் பத்துப் பண்டங்களை நிறுத்தி, குழந்தையை நோஞ்சானாக்கிய குடும்பத்தையும் நான் அறிவேன். தின்றபோது என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்து, இந்தத் துறை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் அமெரிக்கக் கணக்கு ஒன்று யோசிக்கவைக்கிறது. அங்கே பள்ளிகளில் அனாஃபிலாக்ஸிஸ் வருகிற குழந்தைகளில் சுமார் கால் பங்குக்கு, அதற்கு முன் ஒவ்வாமை இருப்பதே யாருக்கும் தெரியாது. ஆகையால் பள்ளியில் மருந்து என் பேரனுக்காக மட்டும் இருந்தால் போதாது.

பூட்டில்லாத பெட்டி

பேரன் மறுபடி பள்ளிக்குப் போகுமுன் நானும் மகளும் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவைப் பார்த்தோம். சண்டைக்கு வந்திருக்கிறோம் என்றுதான் முதலில் நினைத்தார். “தீயணைக்கும் சிலிண்டரை ஏன் மேடம் பூட்டிவைக்கவில்லை?” என்று மட்டும் கேட்டேன். ஒரு நிமிஷம் யோசித்தவர், கிளார்க்கைக் கூப்பிட்டு அலமாரிச் சாவியை மேஜைமேல் வைக்கச் சொன்னார். அதற்குப் பிறகு பேச்சு சுலபமாயிற்று.

இப்போது ஆபீஸ் வாசலில், பெரியவர்களின் கைக்கு எட்டும் உயரத்தில், பூட்டில்லாத சிவப்புப் பெட்டி ஒன்று மாட்டியிருக்கிறது. உள்ளே இரண்டு ஆம்பூல், சரியான சிரிஞ்சுகள், பஞ்சு. இன்சுலின் சிரிஞ்ச் உதவாது, அதன் ஊசி குட்டை, தொடைத் தசைவரை எட்டாது. கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், குழந்தைகளுக்கு அதிகபட்சம் 0.3 என்பது பொதுக் கணக்கு. பேரன் எடைக்கு எவ்வளவு என்று டாக்டர் தம் கையாலேயே எழுதி, சிரிஞ்சின் மேல் சிவப்புக் கோடும் போட்டுக் கொடுத்தார். தொடையின் வெளிப்பக்கம், நடுவில், செங்குத்தாக. குணம் தெரியாவிட்டால் ஐந்து நிமிஷம் கழித்து இன்னொன்று போடலாம். அதற்காகத்தான் இரண்டு ஆம்பூல். வெயிலும் வெளிச்சமும் இந்த மருந்தைக் கெடுக்கும். நிறம் மாறினால் எறிந்துவிட வேண்டும். ஏப்ரல், மே புணே வெயிலில் ஸ்கூல் வேனிலோ காரிலோ விட்டுவைக்கக் கூடாது.

பெட்டியின் மூடியில் ஒரே ஒரு தாள். பேரன் போட்டோ, ஆகாத பண்டம் மூன்று பாஷையில், அறிகுறிகள், செய்ய வேண்டியவை, போன் நம்பர்கள், டாக்டர் கையெழுத்து, எங்கள் சம்மதக் கையெழுத்து. இதன் நகல் வகுப்பு டீச்சர், பி.டி. ஸார், வேன் ஓட்டும் காகா மூவரிடமும் உண்டு. மூன்று பேருக்கு டாக்டரே வந்து பயிற்சி தந்தார். மூன்று பேர் ஏன் என்றால், ஒருவர் லீவிலும் ஒருவர் பாங்கிலும் இருக்கலாம். தண்ணீர் ஆம்பூலை உடைத்துச் சாத்துக்குடியில் குத்திப் பழகினார்கள். முதல் தடவை பி.டி. ஸாருக்கு மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. இப்போது 50 விநாடி.

ஒரு டீச்சர் நியாயமாகவே கேட்டார்: “நான் ஊசி போட்டு ஏதாவது ஆகிவிட்டால் போலீஸ் கேஸ் வராதா?” சங்கத்து வக்கீல் நண்பரிடம் கேட்டோம். ஆபத்தில் இருப்பவரின் நன்மைக்காக, சம்மதம் வாங்க நேரமில்லாத நிலையில், நல்லெண்ணத்தோடு செய்த காரியம் குற்றமாகாது என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய ஸம்ஹிதையில் அதுவே 30-ஆம் பிரிவு. எங்கள் விஷயத்தில் சம்மதமும் எழுத்திலேயே இருக்கிறது. மருத்துவத்தின் பக்கமும் டாக்டர் தெளிவாகச் சொன்னார்: தேவையில்லாமல் போட்டுவிட்டால் குழந்தைக்குக் கொஞ்ச நேரம் படபடப்பு இருக்கும், தேவையானபோது போடாவிட்டால் திருத்த முடியாது.

பள்ளியில் வேர்க்கடலையையே தடை செய்யலாமே என்று ஒரு பெற்றோர் சொன்னார். நான் ஒப்பவில்லை. புணேயில் ஷேங்தாணாவைத் தடை செய்வது மதுரையில் மல்லிகையைத் தடை செய்வது மாதிரி. தடை போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். அதைவிட, சாப்பிட்டதும் எல்லாக் குழந்தைகளும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது மேல். சானிடைஸர் கடலைப் புரதத்தை நீக்குவதில்லை. பேரனைத் தனி பெஞ்சில் உட்காரவைக்கும் யோசனையையும் மகள் மறுத்துவிட்டாள். பகிர்ந்து சாப்பிடுவதே நல்ல பழக்கம் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒருவனை மட்டும் ஒதுக்கினால் குழந்தைகள் அதைத் தண்டனையாகத்தான் பார்க்கும். வகுப்பில் பிறந்தநாள் மிட்டாய் கொடுக்கும் நாளுக்காக, நாங்கள் கொடுத்த டப்பா ஒன்று டீச்சர் மேஜையில் இருக்கிறது. அதிலிருந்து அவன் ஒன்று எடுத்துக்கொள்வான். வடை கொடுத்த பையனின் அம்மா பல நாள் அழுதுகொண்டிருந்தார். மகள்தான் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். இப்போது அந்தப் பையன் டப்பா திறந்ததும் முதலில் “ஷேங்தாணா ஆஹே” அல்லது “நாஹீ” என்று அறிவித்துவிடுகிறான். அந்த வேலையை அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை.

சென்ற வருஷம் சிம்ஹகட் கோட்டைக்குப் பள்ளிச் சுற்றுலா. இந்தப் பக்கத்துக் கோட்டைகளில் பாறையிலும் மரத்திலும் பெரிய மலைத்தேனீக் கூடுகள் உண்டு. மராத்தியில் ‘ஆக்யா மோஹோள்’ என்பார்கள். கலைந்தால் கூட்டமாகக் கொட்டும். தேனீ விஷம் ஆகாதவர்களுக்கு ஒரு கொட்டே போதும், உணவைவிடச் சீக்கிரம் வேலை செய்யும். பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அப்படியானால் பள்ளியில் இருக்கும் குழந்தைகளுக்கு என்ன என்று கிளார்க் கேட்டார். சாவி வைத்திருந்த அதே கிளார்க்தான். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. சுற்றுலாவுக்கென்று இரண்டாவது பெட்டி வாங்கினோம்.

மாதம் முதல் தேதி நான் பள்ளிக்குப் போய் இரண்டு பெட்டியையும் திறந்து, தேதி பார்த்து, உள்ளே இருக்கும் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன். சென்ற தடவை போனபோது என் பெயருக்கு மேலே கிளார்க்கின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.